ஊசி இல்லாத ஊசியிலை மரம்

ஊசியிலை மரம் என்கிறோம், கூம்பு மரம் என்கிறோம். தென்னிந்திய மலைகளில் இந்த இனத்தில் இயற்கையாக வளர்வது ஒன்றே ஒன்றுதான்: நாகியா வாலிச்சியானா. இதில் ஊசியும் இல்லை, கூம்பென்று கண்ணுக்குப் படுவதும் இல்லை. இலை அகலமானது, தடித்தது, நடுநரம்பு கிடையாது. விதையைச் சுற்றிச் சதை இருப்பதால் பழம் என்றே நினைப்போம்.

வால்பாறையில் என் வீட்டு முன்னால் ஒரு கன்று வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டில் சைப்ரஸ் வேலி. கலிஃபோர்னியாவின் மான்ட்டரே கரையைச் சேர்ந்த மரம். சீக்கிரம் வளரும், வெட்டிவிட்டால் சுவர்போல நிற்கும். வருகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் மலைக்கு வந்துவிட்ட திருப்தியை அடைகிறார்கள். என் கன்றை யாரும் விசாரிப்பதில்லை. மெதுவாக வளர்கிறது. இளமையில் நிழல் வேண்டும். அதைத் தருவதும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக்.

பெயரும் நம்முடையதல்ல. நாகியா ஜப்பானியச் சொல்லிலிருந்து வந்தது. வாலிச், கல்கத்தா தாவரவியல் தோட்டத்தை நிர்வகித்த டேனிஷ் மருத்துவர். மரமும் நியூகினி வரை பரவியிருக்கிறது. ஆகவே சுதேசிப் பெருமைக்காக நான் இதை வளர்க்கவில்லை. குளிர்நாட்டு மரங்களைப் பார்த்துச் செய்த சொற்களுக்குள் அடங்காத ஒன்று தினமும் கண்முன் நிற்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஆண், பெண் தனித்தனி மரங்கள். என்னுடையது எது என்று தெரியப் பல வருஷங்கள் ஆகும். அதன் பிறகும், மகரந்தத்தைக் காற்று கொண்டுசெல்லும் தூரத்தில் துணை இருந்தால்தான் விதை. சுற்றிலும் தேயிலை. நான் தண்ணீர் ஊற்றி இதை ஒரு தோட்டத்து மரமாக்கிவிடலாம். மலையின் மரமாவதற்குப் பக்கத்தில் காடு மிஞ்சியிருக்க வேண்டும்.