முந்தி வந்தோர் இறங்குமிடம்

கண் சிகிச்சை முகாம், மாணவர் முகாம், அகதிகள் முகாம் என்று நாள்தோறும் நாவில் புழங்கும் ‘முகாம்’ என்ற சொல், அரபு மொழியிலிருந்து நமக்கு வந்தது. நிற்றல், நிலைத்தல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து கிளைத்த சொல் அது. கஅபாவின் அருகிலுள்ள மகாமு இப்ராஹீமும், தொழுகைக்கு முன் சொல்லப்படும் இகாமத்தும், ஓரூரில் தங்கிவிட்டவரைக் குறிக்கும் ‘முகீம்’ என்னும் மார்க்கச் சட்டச் சொல்லும் அதே வேரின் கிளைகளே. முகீமுக்கு எதிர்ச்சொல் முஸாபிர். ஹனபி மத்ஹபின்படி 15 நாட்கள் ஓரிடத்தில் தங்குவதாக எண்ணம் கொண்டுவிட்ட முஸாபிர், முகீமாகிவிடுகிறார். தொழுகையைச் சுருக்காமல் முழுமையாகத் தொழுகிறார். ஆகவே, தங்குவோர் முஸாபிர்களாகவும் தங்குமிடம் மட்டும் முகீமாகவும் இருக்கும் ஏற்பாட்டையே நிலையான முகாம் என்று சொல்ல வேண்டும். அத்தகைய ஒன்றை நமது சொந்த நிலத்தில் அமைக்கப் போய், நாம் கற்றதையும் நாணியதையும் வாசக அன்பர்கள் முன் வைக்கிறோம்.

விருதுநகரிலிருந்து சிவகாசி செல்லும் சாலையில், ஆமத்தூரைத் தாண்டி, நமது தந்தையார் விட்டுச் சென்ற மூன்று ஏக்கர் கரிசல் நிலம் இருக்கிறது. பருத்தியும் சோளமும் விளைந்த பூமி. மழை பொய்த்த ஆண்டுகளில் சீமைக்கருவேலம் ஏறிக்கொண்டது. மதரஸா மாணவர்களைக் கோடை விடுமுறையில் மூன்று நாட்கள் வெளியே அழைத்துச் சென்று தங்கவைப்பது நமது நெடுநாள் வழக்கம். ஒவ்வோர் ஆண்டும் பிறர் தோப்பையோ மண்டபத்தையோ கேட்டு நிற்க வேண்டியிருந்தது. சொந்த நிலம் சும்மா கிடக்க, பிறர் வாசலில் ஏன் நிற்பது என்று 2016-ஆம் ஆண்டில் ஒரு நாள் தோன்றியது.

அதே ஆண்டில்தான், அந்த நிலத்தைக் கிட்டங்கி கட்டக் குத்தகைக்குக் கேட்டு ஒரு தரகர் வந்தார். அவர் சொன்ன ஆண்டுக் குத்தகை, நமது ஓராண்டுச் சம்பளத்துக்குக் குறைந்ததன்று. நமது மூத்த மகன் சிவகாசி அச்சகம் ஒன்றில் கணக்கு எழுதுபவன். அவன் பேராசைக்காரன் அல்லன். தங்கையின் திருமணம் எதிரே நின்றது. “அத்தா, கூடாரம் போடவா மூணு ஏக்கரு?” என்று கேட்டான். கேள்வியில் நியாயம் இருந்தது. ஒரே ஏக்கர் போதும் என்று சொல்லிப் பார்த்தோம். சாலையோரத்து ஏக்கரை விட்டுவிட்டு மற்றதைக் கேட்பார் யார்? தரகர் போய்விட்டார். பிறகு மகளின் திருமணத்துக்கு விருதுநகரிலிருந்த சிறு வீட்டுமனையை விற்றோம். அது முதல் பல மாதங்கள், கேட்டதற்கு மட்டும் விடை சொல்லுகிறவனாக அவன் இருந்தான்.

முகாம் அமைப்பது தமிழருக்குப் புதிய கலை அன்று. பத்துப்பாட்டில் ஒன்றாகிய முல்லைப்பாட்டு, அரசனின் பாசறையை விரிவாகக் காட்டுகிறது. காட்டை வெட்டித் திருத்தி, முள்வேலி வளைத்து, கூடாரங்களுக்கு இடையே தெருக்கள் விட்டு, விளக்கைக் காப்போரையும் பொழுதை அளந்து சொல்வோரையும் தனித்தனியே அமர்த்திய ஒழுங்கை அதில் காணலாம். கூடாரத் துணியைவிட நிலமும் வேலியும் விளக்கும் பொழுதும் முதன்மையானவை என்பதை அப்புலவர் அறிந்திருந்தார். நாம் அதை ஒரு கோடையும் ஒரு மாரியும் கழிந்த பின்னரே அறிந்தோம்.

கரிசல் மண்ணின் குணம் அப்படிப்பட்டது. கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். அறைந்த முளை பிடிமானம் இன்றி ஆடும். ஐப்பசி மழையில் உப்பிக் குழைந்து, கால் வைத்தால் செருப்பைத் தனதாக்கிக்கொள்ளும். முதல் கோடையில் நாம் அறைந்த இரும்பு முளைகள் இரண்டாம் இரவுக் காற்றுக்கே பிடுங்கிக்கொண்டன. அதன் பின், சரளையும் செம்மண்ணும் கொட்டி, ஒன்றரை அடி உயரத்தில் எட்டு மேடைகள் இடித்து அமைத்தோம். ஒவ்வொன்றும் 12 அடிச் சதுரம். சுற்றிலும் நீர் வடிய வாய்க்கால். மேடையின் நான்கு மூலைகளிலும் முளைக்குப் பதிலாகக் கல்லுக்கால்களை ஆழ ஊன்றி வளையம் பொருத்தினோம். கல்லுக்கால் ஆண்டு முழுதும் நிற்கும். கித்தான் துணி மூன்று நாட்கள் மட்டும் அதில் கட்டப்பட்டு, பிறகு எலி புகாத தகரப் பெட்டிக்குத் திரும்பிவிடும். துணியை விரித்தபடியே விட்டால் நம் வெயில் ஈராண்டில் அதை நைத்துவிடும்.

ஆழ்குழாயில் வந்த நீர் உவர்ப்பு. குளிக்க ஆகும், குடிக்க ஆகாது. அதனால் மழைநீருக்கு ஒரு பண்ணைக்குட்டை வெட்டினோம். குடிநீர் ஊரிலிருந்து வண்டியில் வரும். கழிவறைக்கு இரட்டைக் குழி. ஒன்று நிறைந்தால் மற்றதற்கு மாற்றிவிட்டு, முதலாவதை மக்க விடலாம். குழாய்க்கிணற்றுக்கும் குழிகளுக்கும் இடையே 15 மீட்டருக்குக் குறையாமல் பார்த்துக்கொண்டோம். இங்கிருந்து கிப்லா, மேற்கிலிருந்து சற்றே வடக்கு சாய்ந்தது. அதை முன்னோக்காமலும் பின்னோக்காமலும் கழிவறையை வடக்குத் தெற்காக அமைக்கச் சொன்னபோது கொத்தனார் காரணம் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

மிகுந்த சிந்தனை தீயைப் பற்றியதே. 15-4-1997 அன்று மினாவில் பற்றிய தீயை நம் தலைமுறையினர் மறந்திருக்க மாட்டார்கள். காற்றில் தாவிய நெருப்பில் ஏறத்தாழ 70,000 கூடாரங்கள் எரிந்தன. 343 ஹாஜிகள் ஷஹீதானார்கள். அவர்களுள் இந்தியர் பலர். அதன் பிறகே அங்கு எளிதில் தீப்பற்றாத கண்ணாடியிழைக் கூடாரங்கள் நிலையாக நிறுவப்பட்டன. கூடாரத்துக்குள் எரிவாயு அடுப்பும் தடுக்கப்பட்டது. இதையெல்லாம் அறிந்திருந்தும், முதல் ஆண்டு மழைத்தூறலில் ஒரு மாணவன் கூடாரத்துக்குள் அடுப்பை ஏற்றியதை நாம் கவனிக்கத் தவறினோம். துணியில் தட்டளவு ஓட்டை விழுந்ததோடு அல்லாஹ் காத்தான்.

பாடம் நமது வேலிக்கு அப்பாலேயே இருந்தது. வடக்கே தொலைவில் ஒரு பட்டாசு ஆலை. அதன் சிறுசிறு அறைகள், ஒன்றில் விபரீதம் நேர்ந்தால் மற்றதைத் தொடாதபடி, எட்டி எட்டி நிற்கின்றன. மருந்தோடு வாழ்வோர் இடைவெளியின் அருமையை அறிவர். அதைப் பார்த்து மேடைக்கு மேடை 20 அடி விட்டோம். சமையற்கட்டைத் தென்கிழக்கு மூலையில் கல்லால் கட்டினோம். ஆடிக் காற்று தென்மேற்கிலிருந்து அடிப்பது. வாடை வடகிழக்கிலிருந்து வருவது. இரண்டில் எது வீசினாலும் வடமேற்கிலுள்ள கூடாரங்களின் மேல் பொறி பறக்காது. ஊரார் அதை அக்கினி மூலை என்று மெச்சினார்கள். நமக்குக் காற்றின் கணக்கே போதுமாயிருந்தது.

இவ்வட்டாரத்துப் பிள்ளைகளின் சட்டைப்பையில் வெடி இல்லாதிருப்பது அரிது. ஆதலால் வாசலிலேயே பைகளைச் சோதித்து வாங்கிவைப்போம். மற்றொன்றும் சொல்லிக்கொடுப்போம். 5-9-2012 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 உயிர்கள் போயின. உதவவும் பார்க்கவும் ஓடிச்சென்ற ஊரார் பலர் அவர்களுள் இருந்தனர். எனவே, சத்தம் கேட்டால் புகையை நோக்கி ஓடாமல், புகைக்கு எதிர்த்திசையில் நடந்து சாலையோரத்து வேம்படியில் கூட வேண்டும் என்பது நமது முகாமின் முதல் ஒழுங்கு.

இவ்வளவும் செய்து முடித்து, முகாம் நிறைவுற்றதென்று மகிழ்ந்திருந்தோம். 2019 மே மாதம் 23 மாணவர்களோடு போய் இறங்கினோம். அங்கே நமக்கு முன்னரே ஒரு கீதாரி கிடை போட்டிருந்தார். முந்நூறு ஆடுகளுக்குக் குறையாது. ஒரு மேடைமீது குட்டிகளுக்கான ஓலைக்கூடு. வேம்படியில் இரு பெண்களும் ஒரு கைக்குழந்தையும். வந்து நான்கு இரவுகள் ஆயினவாம். கிடை மறிக்க நிலக்காரர் கூலி கொடுத்து அழைப்பது நம் பக்கத்து வழக்கம். அவரோ கூலியின்றி நமது நிலத்துக்கு உரமிட்டிருந்தார். அது அப்போது நமது கருத்தில் ஏறவில்லை. “இது நமது சொந்த இடம், பிள்ளைகள் தங்க வேண்டும்” என்றோம்.

அவர் வாதாடவில்லை. “சரிங்கய்யா. சொந்தக்காரரு வந்தா எந்திரிச்சுப் போறதுதானே எங்க பொழப்பு” என்று சொல்லித் துண்டை உதறித் தோளில் போட்டார். உச்சிவெயிலில் கிடை கிளம்பியது.

அன்றிரவு இஷா தொழுகைக்குப் பின் மினாவைப் பற்றிப் பாடம் சொன்னோம். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிப்பதாகத் திர்மிதியில் ஒரு செய்தி வருகிறது. மினாவில் நிழலுக்கு ஒரு கட்டடம் கட்டித் தரலாமா என்று கேட்கப்பட்டபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வேண்டாமென்று மறுத்துவிட்டார்கள். முந்தி வருகிறவர் ஒட்டகத்தை மண்டியிடச் செய்து இறங்கும் இடம் அது என்னும் கருத்தில் விடை பகர்ந்தார்கள். இதை விளக்கி முடித்தபோது, பத்து வயதுச் சிறுவன் ஒருவன் கை உயர்த்தினான். “ஹஜ்ரத், அப்படின்னா கீதாரிதானே முந்தி வந்தாரு?”

மினா பொது இடம், இது பட்டா நிலம் என்று சட்டத்தின் விடை நமது நாவில் இருந்தது. அதைச் சொல்ல நாணம் வந்தது. முகாம் என்று பெயரிட்டுவிட்டு அதைத் தோட்டமாகவே வைத்திருந்தோம் என்பதைப் பிள்ளையின் கேள்வி காட்டிவிட்டது. நாம் ஊன்றியவை யாவும் கற்கள்; முகாமை முகாமாக்கும் ஒன்று இன்னும் ஊன்றப்படாமலிருந்தது.

சுப்ஹுக்குப் பின் அவரைத் தேடிப் போனோம். இரண்டு மைலுக்கு அப்பால், வறண்ட கண்மாய்க்குள் கிடை இருந்தது. நிழல் இல்லை. திரும்பி வரும்படி அழைத்து, பிழை பொறுக்கக் கேட்டோம். “ஆடு உக்காந்துருச்சுங்கய்யா, இனிக் கிளப்ப வேணாம். அடுத்த தடவ வாரேன்” என்றார். இரண்டு குடம் குடிதண்ணீர் கொடுத்தனுப்பினோம். அதை மட்டும் வாங்கிக்கொண்டார்.

ஊர் திரும்பியதும் மக்களைக் கூட்டி வைத்துப் பேசினோம். ஒருவர் தம் சொத்தில் மூன்றில் ஒரு பாகத்துக்கு மேல் வஸிய்யத் செய்ய மார்க்கம் இடம் தரவில்லை. எஞ்சியது வாரிசுகளின் உரிமை. அந்த வரம்புக்குள் அடங்கும்படி, சாலையோரத்து ஓர் ஏக்கரை மட்டும் வழிப்போக்கர் இறங்குமிடமாக எழுதினோம். மற்ற இரண்டு ஏக்கரும் அவர்களுடையவை. மூத்தவன் தாளை இருமுறை படித்தான். “முந்தி வந்தவங்களுக்குன்னா, நமக்கும் அதே சட்டந்தானா அத்தா?” என்று கேட்டான். ஆம் என்றோம். சாட்சிக் கையெழுத்துக்கு ஆள் அழைத்து வந்தவன் அவனே.

இப்போது வாசற்கல்லில் மூன்றே ஒழுங்குகள் எழுதப்பட்டுள்ளன: நெருப்பு அக்கினி மூலையில் மட்டும், வெடி கூடாது, முந்தி வந்தவருக்கே மேடை. கதவுக்குப் பூட்டு இல்லை. இருக்கன்குடிக்கு நடந்து போவோர் சிலர் இரவில் தங்கி, விடிவதற்குள் கூட்டிப் பெருக்கிவிட்டுப் போகிறார்கள். கீதாரியும் சொன்னபடி ஒரு கோடையில் வந்தார். இம்முறை குட்டிகளின் கூட்டை அவராகவே மேடைக்குக் கீழே இறக்கி வைத்திருந்தார்.

சென்ற மே மாதம் மூத்தவன் தன் மனைவி மக்களோடு அங்கே இரவு தங்கச் சென்றான். மறுநாள் காலை நாம் போனபோது, குடும்பம் வேம்படியில் பாய் விரித்துப் படுத்திருந்தது. எட்டு மேடைகளிலும் வேறு யாரோ உறங்கிக்கொண்டிருந்தார்கள். கொசுக்கடியில் வீங்கிய கையைத் தடவியபடி எழுந்து வந்தவன், குரலைத் தாழ்த்திச் சொன்னான்: “மெதுவாப் பேசுங்கத்தா, முந்தி வந்தவங்க தூங்குறாங்க.”