தோற்காதவர்களின் றஃப் கொப்பி

ஒரு தோல்வியும் இல்லாமல் விளையாட்டை விட்டுப் போன உலகச் சம்பியன்கள் குத்துச்சண்டையில் மிகக் குறைவு. ரொக்கி மார்சியானோ 49 சண்டை, 49 வெற்றி. 1956 இல் போதும் என்று சொல்லிவிட்டார். மெக்சிக்கோவின் ரிக்கார்டோ லோபஸ் 51 வெற்றி, ஒரு சமநிலை. வேல்ஸின் ஜோ கல்சாகி 46. முஹம்மத் அலியின் மகள் லைலா அலி 24. ஃபுலொய்ட் மேவெதர் 2017 இல் தனது ஐம்பதாவது வெற்றியைப் பெற்றார். எங்கள் வகுப்புப் பையன்மாருக்கு இந்த எண்களெல்லாம் தலைகீழ்ப் பாடம். ஏழாம் வாய்ப்பாடு மறந்தாலும் இது மறக்காது. இடைவேளை மணி அடித்தால் யார் பெரியவர் என்ற வாக்குவாதம் தொடங்கிவிடும்.

அவர்களுக்கு அந்தப் பூச்சியத்தில்தான் மயக்கம். ஆசிரியர்களாகிய நாங்கள் அந்தப் பூச்சியத்தைக் கொஞ்சம் கிண்டிப் பார்க்கச் சொல்வோம்.

மார்சியானோ தோற்றிருக்கிறார். 1948 இல், நியூயோர்க்கில் நடந்த கோல்டன் குளோவ்ஸ் போட்டியில் கோலி வொலஸ் என்பவரிடம் தோற்றார். அது அமெச்சூர் போட்டி. அதனால் அந்த 49 இன் பக்கத்தில் வராது. மேவெதரும் தோற்றிருக்கிறார். 1996 அட்லாண்டா ஒலிம்பிக் அரையிறுதியில் பல்கேரிய வீரர் டொடொரொவிடம் 10க்கு 9 என்று தோல்வி. அமெரிக்கத் தரப்பு ஆட்சேபித்தும் தீர்ப்பு மாறவில்லை. வெண்கலப் பதக்கத்தோடு வீடு திரும்பினார். அதுவும் அந்த ஐம்பதில் சேராது.

அதாவது, தோற்காதவர்களிடமும் ஒரு றஃப் கொப்பி இருந்தது. வெட்டியது, கிறுக்கியது, பிழைத்தது எல்லாம் அதில். உலகம் பார்ப்பது நல்ல கொப்பியை மட்டும்தான்.

நம் பக்கத்துக் கதையும் இதுதான். பிரிக்கப்படாத இந்தியாவின் காமா பயில்வான் மல்யுத்தத்தில் வாழ்நாள் முழுக்கத் தோற்காதவர் என்று பேர் எடுத்தவர். ஆனால் இளைஞனாக இருந்தபோது, தன்னைவிட மிக உயரமான சம்பியன் ரஹீம் பக்ஷோடு மோதியபோது அவரால் ஜெயிக்க முடியவில்லை. சமநிலைதான். ஜெயித்தது பல வருடங்கள் கழித்து. 1910 இல் லண்டனில் போலந்து வீரர் ஸ்பிஸ்கோவோடு கிட்டத்தட்ட மூன்று மணித்தியாலம் போராடியும் முடிவு வரவில்லை. மறு சண்டைக்கு ஸ்பிஸ்கோ வரவில்லை. 1928 இல் பட்டியாலாவில் இருவரும் மறுபடி சந்தித்தார்கள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, காமா அவரைச் சாய்த்துவிட்டார். இடையில் பதினெட்டு வருடங்கள்.

இதை ஏன் இங்கே எழுதுகிறோம்? எங்கள் வகுப்பில் எட்டாம் ஆண்டுப் பிள்ளை ஒருவர் இருக்கிறார். கணக்கில் நல்ல மூளை. வாயால் கேட்டால் விடை வரும். ஆனால் பரீட்சைத் தாளில் பாதி வெறுமை. ஏன் மகன் எழுதவில்லை என்று கேட்டோம். தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்:

"எழுதினாத்தானே சேர் பிழைக்கும்."

அந்தப் பிள்ளை ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையில் இரண்டு புள்ளியால் வெட்டுப்புள்ளியைத் தவறவிட்டவர். அந்த வாரம் வீட்டில் யாரும் அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் படம் போட்ட பதாகை மட்டும் சந்தியில் மூன்று மாதம் தொங்கியது. பத்து வயதில் அவருடைய தோல்வி நல்ல கொப்பியில் ஏறிவிட்டது. அன்றிலிருந்து அவர் கண்டுபிடித்த வழி, சண்டைக்கே இறங்காமல் இருப்பது. ஒரு வகையில் அவரும் தோற்காதவர்தான்.

களனியிலிருந்து வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் டியூஷனுக்கு பஸ் ஏறும் பிள்ளைகளைத் தினமும் பார்க்கிறோம். பாரம் புத்தகப் பையில் மட்டும் இல்லை. உம்மா வாப்பாமார் கஷ்டப்பட்டுத்தான் அனுப்புகிறார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பாடசாலை என்பது அமெச்சூர் காலம். பிழைப்பதற்கென்றே கொடுத்த காலம். நம் நாட்டில் ஸ்டப்ஸ் கேடயத்துக்காகப் பாடசாலைப் பிள்ளைகள் நூறு வருடங்களுக்கு மேலாகக் குத்துச்சண்டை போடுகிறார்கள். ஒவ்வொரு சண்டையிலும் ஒரு பிள்ளை தோற்றுத்தான் ஆக வேண்டும். தோற்றவரும் அடுத்த நாள் பயிற்சிக்கு வருகிறார்.

பையன்மார் கடைசியில் அலியிடம்தான் வந்து நிற்பார்கள். "அலி ஐந்து தரம் தோற்றவராமே சேர்?" ஆமாம், 61 சண்டையில் ஐந்து தோல்வி. 1974 ஒக்டோபரில் கின்ஷாசாவில் அலியின் எதிரே நின்ற ஜோர்ஜ் ஃபோர்மன் அதுவரை 40 சண்டையில் ஒன்றும் தோற்காதவர். அலியோ ஃபிரேசியரிடமும் நோர்டனிடமும் தோற்று, பிறகு இருவரையும் திருப்பி வென்று வந்தவர். எட்டாவது சுற்றில் விழுந்தது ஃபோர்மன். இருபது வருடம் கழித்து, 1994 நவம்பரில், 45 வயதில் ஃபோர்மன் மீண்டும் உலகச் சம்பியனானார். அன்று அவர் வீழ்த்திய மைக்கல் மூரர், அதுவரை 35 சண்டையில் தோற்காதவர்.

இரண்டு தரமும் வென்றது ஏற்கெனவே தோற்றுப் பார்த்தவர். விழுந்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். அதனால் அந்தப் பயம் மற்றவரைவிடக் குறைவாக இருந்திருக்கும் என்பது எங்கள் கணிப்பு.

தவணைப் பரீட்சை றிப்போர்ட் அடுத்த கிழமை வீடுகளுக்கு வருகிறது. புள்ளியைப் பாருங்கள், பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு விடைத்தாளையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். பிழைத்த கணக்குகளை எண்ணுவதற்கு முன்னால் எழுதாமல் விட்ட கணக்குகளை எண்ணுங்கள். பிழைத்ததைத் திருத்த நாங்கள் இருக்கிறோம், அதுதான் எங்கள் வேலை. வெறுமையாக வரும் தாளில் சிவப்புப் பேனையை எங்கே வைப்பது என்றுதான் எங்களுக்குத் தெரிவதில்லை.