பெயர் பொறித்த கத்தி

வெளிநாட்டு ஏலங்களில் அவ்வப்போது சில பழைய வேட்டைக் கத்திகள் விலைக்கு வருகின்றன. அலகில் ஆங்கில எழுத்தில் ஒரு பெயரும் ஓர் ஊரும் அடித்திருக்கும்: அருணாசலம், சேலம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சேலத்தில் பட்டறை வைத்திருந்த அருணாசல ஆசாரியின் கத்திகள் அவை. பன்றிக் குத்துக்கும் புலி வேட்டைக்கும் போன வெள்ளைக்காரர்கள் அவருடைய கத்தியையும் ஈட்டியையும் கேட்டு வாங்கினார்கள். இன்று அவற்றைச் சேகரிப்பாளர்கள் தேடித் தேடிச் சேர்க்கிறார்கள்.

சேலத்தில் இந்தக் கைத்திறன் வளர்ந்ததில் வியப்பில்லை. கஞ்சமலை முழுக்க இரும்புத் தாது. இந்த வட்டாரத்து ஆட்கள் உருக்கு எடுத்த விதத்தை 1839-இல் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் விரிவாக எழுதி வைத்தார். தேனிரும்புத் துண்டுகளை ஒரு மண் மூசையில் போட்டு, காய்ந்த ஆவாரங்குச்சியைச் சேர்த்து, மேலே எருக்கிலை ஒன்றிரண்டை வைத்துக் களிமண்ணால் வாயை அடைப்பார்கள். இருபதுக்கும் மேற்பட்ட மூசைகளை ஓர் உலையில் அடுக்கி, துருத்தி ஊதி, ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் காய்ச்சுவார்கள். ஆறிய பிறகு மூசையை உடைத்தால் உருக்குக் கட்டி கிடைக்கும். அதன் மேற்பரப்பில் நடுவிலிருந்து கோடுகள் விரிந்து ஓடியிருந்தால் நல்ல உருக்கு. ஆவாரையும் எருக்கும் சேலத்து மேட்டுக்காட்டில் யாரும் விதைக்காமல் வளர்பவை. அவற்றின் கரிச்சத்துதான் இரும்பை உருக்காக்கியது. ஹீத் சேலத்துத் தாதுவை நம்பிப் பரங்கிப்பேட்டையில் பெரிய இரும்பாலையே தொடங்கினார். அது நிலைக்கவில்லை. கடைசியில் இங்கிலாந்து போய், உருக்கில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839-இல் காப்புரிமை எடுத்தார். அதற்காக வழக்காடியே ஓய்ந்தார்.

இதே வகை இந்திய உருக்கை லண்டனில் விஞ்ஞானி ஃபாரடே ஆராய்ந்தார். அவரோடு சேர்ந்து உழைத்த ஸ்டோடர்ட் கத்தி செய்யும் தொழில்காரர். நம் காலத்தில், 1990-களில், அமெரிக்காவில் குதிரைக்கு லாடம் கட்டிப் பிழைத்த ஆல்ஃபிரட் பென்ட்ரே என்பவரும் பேராசிரியர் வெர்ஹோவனும் சேர்ந்து, இவ்வகை உருக்கில் அடித்த பழைய அலகுகளில் நெளியும் வரிகளை மறுபடி வரவழைத்துக் காட்டினார்கள். தாதுவில் இம்மியளவு இருந்த வனேடியம் அந்த வரிகளுக்குக் காரணம் என்றார்கள். விடையைக் கண்டுபிடிக்கப் படிப்பாளிக்குச் சம்மட்டி பிடித்த கை ஒன்று துணைக்கு வேண்டியிருந்தது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

உருக்கு நல்லதாக இருந்தால் மட்டும் கத்தி ஆகிவிடாது. ராசிபுரம் பக்கம் ஒரு பட்டறையில் அதைக் கண்ணால் பார்த்தேன். லாரிக் கூடு கட்டும் ஊரான நாமக்கல் பக்கத்தில்தான் இருப்பதால் இங்கே உருக்குக்குப் பஞ்சமில்லை. கழித்த லாரியின் ஸ்பிரிங் பட்டைதான் இன்றைய அருவாளுக்கும் கத்திக்கும் மூலப்பொருள். அடித்து வடிவம் வந்த அலகைச் செக்கச்செவேலெனக் காய்ச்சி, வாய்ப்பக்கத்தை மட்டும் தண்ணீரில் இறக்கினார் ஆசாரி. முதுகில் சூடு இன்னும் இருந்தது. உடனே செங்கல் துண்டால் வாயைப் பரபரவென்று தேய்த்து வெளிச்சத்தில் பிடித்தார்.

“இப்பப் பாருங்க, ஓடியாருது” என்றார்.

முதுகிலிருந்த சூடு வாயை நோக்கி இறங்க இறங்க, உருக்கில் நிறம் மாறிக்கொண்டே வந்தது. முதலில் வைக்கோல் மஞ்சள், அப்புறம் பழுப்பு, அதன் பின்னால் மயில்கழுத்து. மஞ்சள் விளிம்பைத் தொட்டதும் மொத்த அலகையும் தண்ணீரில் அமுக்கிவிட்டார். நீலம் வரை விட்டிருந்தால் வாய் மடங்கும். மஞ்சளுக்கு முன்னாலேயே அமுக்கியிருந்தால் எலும்பில் பட்டுத் தெறிக்கும். தோய்ச்சல் என்பது இவ்வளவுதான். வெப்பமானியில் அது சுமார் 230 டிகிரி. அவருக்கு அந்த எண் தேவைப்படவில்லை. நான் எழுதிக் கொண்டிருக்கும்போதே அடுத்த அலகை உலையில் செருகியிருந்தார்.

1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு வேட்டைக்காகக் கத்தி செய்யச் சொல்லி யாரும் வருவதில்லை, வரவும் வேண்டாம். காட்டு உயிர்கள் பிழைத்தது நல்லதே. ஆனால் கிடாய் வெட்டும் அருவாள், இளநீர் சீவும் கத்தி, குச்சிக்கிழங்குக் காட்டுக்கான கொடுவாள் எல்லாம் அதே தோய்ச்சலில்தான் பிறக்கின்றன. அவற்றில் பெயர் இருப்பதில்லை. தேய்ந்து தேய்ந்து, கடைசியில் பழைய இரும்போடு எடைக்குப் போய்விடுகின்றன. அருணாசல ஆசாரி காலத்திலும் ஊராருக்கு அருவாள் அடித்த ஆசாரிகள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். பெயரை அடித்து விற்றதாலும், வாங்கியவர்கள் பத்திரப்படுத்தியதாலும் இவர் நமக்கு எஞ்சினார்.

அடுத்த முறை ஏலத்துக்கு வரும் சேலத்துக் கத்தி ஒன்றையாவது சேலம் அரசு அருங்காட்சியகத்துக்கு வாங்கி வர வேண்டும். அதன் பக்கத்திலேயே இன்றைய பட்டறை அருவாள் ஒன்றையும் வைத்து, அடித்தவர் பெயரைத் தமிழில் எழுத வேண்டும். ராசிபுரத்தில் எனக்கென்று அடிக்கச் சொல்லியிருக்கும் கத்தியில் ஆசாரியின் பெயரைப் பொறித்துத் தரும்படி கேட்டிருக்கிறேன். எழுத்து அச்சு வாங்கித் தந்தால் அடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.