கொஞ்ச நேரம் வெச்சுப் பாப்போம்

காது குத்தும்போது மடி கொடுப்பதோடு தாய்மாமனின் வேலை முடிந்துவிடுவதில்லை. அவனிடம் கார் இருந்துவிட்டால், ராத்திரி பதினொரு மணிக்குமேல் வருகிற போன்களும் அவனுக்குத்தான். இரண்டு தங்கைகள், அவர்களின் பிள்ளைகள், அப்புறம் மைத்துனன் வீட்டுப் பிள்ளைகள் என்று சென்னையில் குழந்தைகளுக்கான அவசரப் பிரிவுகள் பலவற்றின் நாற்காலிகள் எனக்குப் பழக்கம். வண்டி ஓட்டி வந்தவனுக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது. பெற்றவர்களுக்கு இருக்கும் பதற்றமும் அவ்வளவு இல்லை. அதனால் சுற்றிலும் பார்க்க முடிந்தது. கை ஓய்ந்திருக்கும் சிஸ்டர்களிடம் வாயைக் கிளற முடிந்தது. அப்படிப் பார்த்ததில், அங்கே எல்லோரும் எரிச்சலோடு சொல்கிற 'வந்தவுடனே பாக்காம உக்கார வெச்சுட்டாங்க' என்பதை நான் நல்ல சேதியாகவே எடுத்துக்கொள்ளப் பழகிவிட்டேன்.

வாசல் மேஜையில்தான் சண்டை ஆரம்பிக்கும். சீட்டு போட்டுவிட்டுக் காத்திருக்கும் நாலு குடும்பங்களை விட்டுவிட்டு, சீட்டே போடாத ஒருவரை உள்ளே அழைத்துப் போவார்கள். "நாங்க முன்னாடியே வந்தோம்ல?" என்று ஓர் அப்பா எழுந்திருப்பார். அந்த மேஜையில் இருப்பவர் வரிசையைக் கவனிப்பதே இல்லை. அம்மா "மூணு நாளா ஜுரம் சிஸ்டர், எதுவும் சாப்பிடல" என்று ஆரம்பிக்கும்போதே அவர் கண் குழந்தையின் வயிற்றுப் பக்கம் போய்விட்டிருக்கும். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுகிறதா? உதடு என்ன நிறம்? நம்மைப் பார்க்கிறதா, எங்கேயோ பார்க்கிறதா? இந்த மூன்றுக்கும் பதில் வாங்க அரை நிமிஷம் போதும். அதற்குப் பிறகுதான் பெயர், வயது, முகவரி.

இதற்கு ஒரு முறை இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் வகுத்த முறைப்படி, வருகிற குழந்தைகளை மூன்றாகப் பிரிப்பார்கள்: இந்த நிமிஷமே, சீக்கிரம், வரிசைப்படி. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று இருப்பதும் இதே பங்கீடுதான். ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டின் பிளான்டயர் நகர மருத்துவமனையில் எலிசபெத் மாலினியூ என்ற மருத்துவரும் அவருடைய குழுவும் இப்படிப் பிரித்துப் பார்க்க ஊழியர்களைப் பழக்கி, அவசரக் குழந்தைகளுக்கான இடத்தையும் திருத்தி அமைத்தார்கள். அதற்குமுன் அங்கே சேர்க்கப்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 10 முதல் 18 பேர்வரை இறந்துகொண்டிருந்தார்கள். பிறகு அது 6 முதல் 8 ஆனது. 2006-இல் இதை எழுதினார்கள். பெரிய இயந்திரங்கள் வாங்கிச் சாதித்த காரியம் இல்லை இது. யாரை முதலில் பார்ப்பது என்பதை மாற்றியதற்கு இதில் பெரிய பங்கு உண்டு. இதைப் படித்த பிறகு, எனக்கு முன்னால் யாராவது உள்ளே போனால் வாயை மூடிக்கொள்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நெற்றி பிளந்த ஒரு பையன் கட்டடமே அதிரக் கத்திக்கொண்டு வந்தான். சட்டையெல்லாம் ரத்தம். அவன் அப்பா அவனைவிட அதிகமாகக் கத்தினார். சிஸ்டர் ஒரு பஞ்சைக் கொடுத்து, "அழுத்திப் பிடிங்க, தோ வரேன்" என்று சொல்லிவிட்டு, ஒரு பாட்டியின் தோளில் துவண்டு கிடந்த பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார். அந்தக் குழந்தை சத்தமே போடவில்லை. யாரும் அதைக் கவனிக்கவும் இல்லை. கத்துகிறவனுக்கு மூச்சும் தெம்பும் இருக்கிறது என்பது அவருக்குக் காதிலேயே தெரிந்துவிட்டது.

பார்க்க நன்றாக இருந்தும் உடனே உள்ளே போகிறவர்கள் உண்டு. பூஜையறைக் கற்பூரத்தை மிட்டாய் என்று தின்ற குழந்தைக்குச் சற்று நேரத்தில் ஃபிட்ஸ் வரலாம். பொம்மையின் பொத்தான் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே புண்ணாக்கிவிடும். தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைத்த மண்ணெண்ணெயைக் குடித்த குழந்தையை, நல்ல எண்ணத்தில் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தியெடுக்க வைத்துக் கூட்டி வருவார்கள். வாந்தியோடு அது நுரையீரலுக்குள் இறங்கிவிடும் என்பதால் அதைத்தான் செய்யக் கூடாது. என்ன குடித்ததோ அந்த பாட்டிலை மட்டும் கையோடு எடுத்து வந்தால் போதும்.

உள்ளே போனதும் முதல் காரியம் எடை. மருந்தெல்லாம் எடைக் கணக்கு. பிறகு வருகிற கேள்விகள் மாறுவதே இல்லை: கடைசியாக எப்போது ஒன்றுக்குப் போனது, எவ்வளவு பால் குடித்தது, வழக்கத்துக்கு என்ன மாற்றம், என்ன மருந்து கொடுத்தீர்கள். கடைசிக் கேள்விக்கு என் தங்கை உட்பட பெரும்பாலோர் சொல்கிற பதில் "பிங்க் கலர் மருந்து, அரை மூடி". பாரசிட்டமால் சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம் இருக்கும். சாதாரண சிரப்பில் 5 மில்லிக்கே சுமார் 120தான். சொட்டு மருந்தை சிரப் என்று நினைத்து ஊற்றினால் நாலு மடங்கு போய்விடும். 10 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 150 மில்லிகிராம் கணக்கு. ஆகவே அவர்களுக்கு நிறம் உதவாது; பாட்டில் வேண்டும். 'வழக்கத்துக்கு என்ன மாற்றம்' என்பதற்குப் பதில் எந்த டாக்டருக்கும் தெரியாது, அம்மாவுக்குத்தான் தெரியும். 'இவ இப்படி மடியில சும்மா உக்கார மாட்டா' என்று என் தங்கை சொன்னதைக் கேஸ் ஷீட்டில் அப்படியே எழுதிக்கொண்ட ஒரு டாக்டரை எனக்கு இன்றைக்கும் பிடிக்கும்.

அப்புறம்தான் அந்த வாக்கியம் வரும்: "கொஞ்ச நேரம் வெச்சுப் பாப்போம்." ட்ரிப்ஸ் இல்லை, ஊசி இல்லை, சும்மா ஒரு கட்டில். என் மைத்துனருக்கு, அதாவது சின்னத் தங்கையின் கணவருக்கு, இதுதான் பொறுக்காது. ஆனால் உள்ளே பாதி வைத்தியம் இந்தச் 'சும்மா'வில்தான் நடக்கிறது. வீசிங் வந்த குழந்தைக்கு நெபுலைசர் வைத்ததும் சுகமாகிவிட்டது போலத் தெரியும்; அந்த மருந்தின் வேகம் குறைந்த பிறகும் மூச்சு சீராக இருக்கிறதா என்பதுதான் கேள்வி, அதற்கு நேரம் போயாக வேண்டும். நாய் குரைப்பது போல இருமுகிற குழந்தைக்கு ஒரு வேளை ஸ்டீராய்டு கொடுத்தால் அது வேலை செய்யச் சில மணி நேரமாவது பிடிக்கும். கட்டிலிலிருந்து தலைகீழாக விழுந்ததை ஸ்கேன் எடுக்காமல் வைத்துப் பார்க்கிறார்கள் என்றால், வாந்தி, தூக்கம், பேச்சு மூன்றையும் காவல் காக்கிறார்கள் என்று அர்த்தம். தேவையில்லாத கதிர்வீச்சை மிச்சப்படுத்துகிறார்கள் என்றும் அர்த்தம். வாந்தியும் பேதியுமாக வந்த குழந்தைக்கு ஓஆர்எஸ் கரைசலை ஸ்பூன் ஸ்பூனாக, சில நிமிஷத்துக்கு ஒருமுறை கொடுக்கச் சொல்வார்கள். வாந்தி எடுத்துவிட்டால் பத்து நிமிஷம் பொறுத்து, இன்னும் மெதுவாக. இதைப் பொறுமையாகச் செய்கிற பாட்டி கூட இருந்தால் பல குழந்தைகளுக்கு ட்ரிப்ஸே தேவைப்படாது.

பரிசோதனைக்குச் சிறுநீர் பிடிப்பது தனிக் கதை. கைக்குழந்தை எப்போது போகும் என்று கிண்ணத்தை ஏந்திக்கொண்டு ஒரு குடும்பமே தவம் கிடக்கும். ஒரு நொடி கண் அசந்தால் மாமன் சட்டைதான் நனையும். மெல்போர்ன் குழந்தைகள் மருத்துவமனையில் இதற்கும் ஓர் ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். குளிர்ந்த ஈரத் துணியால் அடிவயிற்றில் மெல்லத் தேய்த்தால் ஐந்து நிமிஷத்துக்குள் நூற்றில் 31 குழந்தைகள் போகின்றனவாம், தேய்க்காவிட்டால் 12தான். 2017-இல் வந்த செய்தி. அதற்குப் பிறகும் எங்கள் வீட்டில் கிண்ணம் பிடிக்கிற வேலை என்னுடையதாகவே இருக்கிறது.

மானிட்டரைப் பார்த்து எல்லோரும் பயப்படுகிறார்கள். பிறந்த குழந்தையின் இதயம் நிமிஷத்துக்கு 120 முதல் 160 தடவை துடிப்பது இயல்பு. நம் நாடியை வைத்து அளந்து கலங்கக் கூடாது. மானிட்டரின் அலறல் பல சமயம் காலில் மாட்டிய சிவப்பு விளக்கு நழுவியதால் வருவது. சிஸ்டர் நம்புவது அவரது கைக்கடிகாரத்தை. குழந்தை அழாமல் இருக்கும்போது முழுசாக ஒரு நிமிஷம் மூச்சை எண்ணுவார். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுவரை 40. அந்த எண்ணைத் தொட்டாலே வேகமான மூச்சு. பால் குடித்து அமைதியாகும்வரை அவர் எண்ணாமல் போய்த் திரும்பி வருவதை 'கண்டுக்கவே மாட்டேங்கறாங்க' என்று பக்கத்துக் கட்டிலில் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

ஜுரத்தில் ஃபிட்ஸ் வந்த குழந்தையைக் கையில் சாவிக்கொத்தோடு கொண்டு வருவது இன்னும் நிற்கவில்லை. இரும்பு கொடுத்தால் நின்றுவிடும் என்பார்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் நூற்றுக்கு இரண்டிலிருந்து ஐந்து குழந்தைகளுக்கு இது வருகிறது. பெரும்பாலும் ஐந்து நிமிஷத்துக்குள் தானாகவே நிற்பதால் பெயர் சாவிக்குப் போகிறது. சாவியால் கெடுதல் இல்லை, பல்லுக்கு நடுவே ஸ்பூன் திணிப்பதுதான் கெடுதல். ஒருக்களித்துப் படுக்க வைத்து, மணியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஐந்து நிமிஷம் தாண்டினால் 108.

மழைக்காலத்தில் டெங்கு. ஜுரம் விட்டுவிட்டது என்று வீட்டில் பால் பாயசம் வைக்கிற நாளில்தான் டாக்டர் வீட்டுக்கு அனுப்ப மறுப்பார். ஜுரம் இறங்குகிற அந்த ஒன்றிரண்டு நாளில்தான் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிகிறது. விடாத வயிற்று வலி, தொடர் வாந்தி, சில்லிட்ட கை கால் எல்லாம் அப்போதுதான். நகத்தை அழுத்திவிட்டு, நிறம் திரும்ப மூன்று நொடிக்கு மேல் ஆகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "எதைப் பாத்தா திரும்பக் கூட்டிட்டு வரணும், டாக்டர்?" பலரும் சாப்பாட்டுப் பத்தியத்தைத்தான் கேட்கிறார்கள். பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் எழாத அசதி, மூச்சு வாங்குவது, ஃபிட்ஸ், ஆறேழு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது என்று தெளிவாகச் சொல்வார்கள். மூன்று மாதம் ஆகாத குழந்தைக்கு 100.4 டிகிரி ஜுரமே போதும், வேறெதற்கும் காத்திருக்க வேண்டாம்.

சின்னத் தங்கையின் எட்டு மாதப் பையனைச் சளியோடு ஒரு காலையில் காட்டி, மதியம்வரை வைத்துப் பார்த்து அனுப்பினார்கள். ராத்திரி மறுபடியும் மூச்சு வாங்கியது. "இப்பதானே போயிட்டு வந்தோம், என்ன நெனைப்பாங்க?" என்று மைத்துனர் தயங்கினார். சாவியை எடுத்துக்கொண்டு நானே கிளப்பினேன். ட்யூட்டி மாறியிருந்தது; புது டாக்டர் காலைச் சீட்டை வாங்கிப் பார்த்தார். அதில் மூச்சு 44 என்று இருந்தது. இப்போது எண்ணினார், 58. "காலைல வெச்சுப் பாத்து எழுதியிருக்காங்களே, அதான் உடனே முடிவெடுக்க முடியுது" என்று சொல்லிக்கொண்டே ஆக்ஸிஜன் குழாயைப் பொருத்தினார். மூன்றாம் நாள் சளி உச்சத்துக்குப் போகும், பிறகு இறங்கும் என்றார்; சொன்னபடியே இறங்கியது. அடுத்த நாள் மைத்துனர் கேன்டீனிலிருந்து டீ வாங்கி வந்து, பக்கத்துக் கட்டில்காரருக்கு 44-க்கும் 58-க்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கிக்கொண்டிருந்தார்.