சோறு போடும் படிப்பு எது?



ஆண்டுதோறும் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியானவுடன், மும்பையின் புறநகர்களில் குடியேறி வாழும் நம் குடும்பங்களில் ஒரே பேச்சாக இருக்கும். பிள்ளையை அறிவியலில் சேர்ப்பதா, வணிகவியலில் சேர்ப்பதா என்பதே அது. கலைப் பிரிவைப்பற்றி எவரும் வாய் திறப்பதில்லை. பிள்ளையே அதைக் கேட்டுவிட்டால் வீட்டில் அமைதி குலைந்துவிடுகிறது. "கதையும் சரித்திரமும் படித்தால் சோறு கிடைக்குமா?" என்ற ஒரே கேள்வியில் தகப்பனார் உரையாடலை முடித்துவிடுகிறார்.

இக்கேள்வியை நான் இகழ்ந்து பேசத் துணியமாட்டேன். திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் விருதுநகரிலும் மழையை நம்பிக் கெட்ட குடும்பங்களிலிருந்து, ஒரு துணிப்பையோடு இரயிலேறி வந்தவர்கள் நாம். சோறு என்பது நமக்கு உவமைப் பொருளல்ல. ஆயினும், சோற்றைப்பற்றிக் கேட்கிறவர்கள் சோற்றின் சரித்திரத்தையும் சற்று அறிந்திருப்பது நலம். ஆகவே சோறு இல்லாமற்போன ஓர் ஆண்டைப்பற்றி இம்மாதம் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டின் முன்னறையில் மாலைவேளைகளில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் சிலர் அமர்ந்து படிப்பது வழக்கம். அவர்களுடைய வீடுகளில் விளக்கு உண்டு, இடம் இல்லை. அவர்களில் பத்தாம் வகுப்பு எழுதிய ஒரு பெண்பிள்ளை, கலைப் பிரிவில் சேர வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள். சரக்குக் கிடங்கு ஒன்றில் மேற்பார்வையாளராக இருக்கும் அவளுடைய தகப்பனார், "பாஸ்டர், நீங்களாவது இவளுக்குப் புத்தி சொல்லுங்கள்" என்று என்னிடம் அழைத்துவந்தார். நான் புத்தி சொல்லவில்லை. மத்தியப் பாடத்திட்டத்தின் ஒன்பதாம் வகுப்புப் பொருளியல் நூலில் பல ஆண்டுகளாக இடம்பெற்று வந்த ஒரு பாடத்தை எடுத்து, மூவருமாகச் சில மாலைகள் பேசினோம். 1943-ஆம் ஆண்டின் வங்காளப் பஞ்சமே அந்தப் பாடம்.

அப்பஞ்சத்தில் மாண்டவர்கள் சுமார் 15 லட்சம் பேர் என்று 1945-இல் அரசாங்க விசாரணைக் குழு அறிக்கை தந்தது. பிற்கால ஆய்வாளர்கள் அந்தத் தொகையை 20 லட்சத்திற்கும் 30 லட்சத்திற்கும் இடையே வைக்கிறார்கள். இத்தனை பேர் மாண்டது எதனால்? நம் பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் ஒவ்வொரு பாடமும் இக்கேள்விக்கு ஒரு பங்கு விடையைத் தன்னிடத்தில் வைத்திருக்கிறது.

முதலாவது, அறிவியலைக் கேட்போம். 1942-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள் மேதினிப்பூர்க் கடற்கரையைப் பெரும்புயல் தாக்கியது. கடல் உட்புகுந்து ஏறத்தாழ 14,500 மனிதரும் 1,90,000 கால்நடைகளும் மடிந்ததாக அரசாங்க அறிக்கை கூறுகிறது. அதே பருவத்தில் நெற்பயிரைப் பழுப்புப் புள்ளி நோய் பற்றியது. இலையிலும் கதிரிலும் புள்ளி புள்ளியாய்ப் பரவும் ஒருவகைப் பூஞ்சணமே அதற்குக் காரணம். எஸ். ஒய். பத்மநாபன் என்னும் பயிர்நோய் அறிஞர் 1943 அக்டோபரில் வங்காளத்தில் பணியேற்கச் சென்றபோது, பிரம்மபுத்திரா நதிக்கரையிலிருந்து டாக்கா வரையில் வழிநெடுக மாண்டவர்களையும் மரிக்கும் நிலையிலிருந்தவர்களையும் கண்டார். முப்பது ஆண்டுகளுக்குப்பின், 1973-இல், அந்த நோயைப்பற்றி அவர் எழுதிய ஆய்வுக்கட்டுரை இன்றும் எடுத்துப் பேசப்படுகிறது. ஆனால் நோய் விளைவித்த நஷ்டம் எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு நீடிக்கிறது. 2019-இல் காந்திநகர் ஐ.ஐ.டி. அறிஞர்களும் பிறரும் சேர்ந்து, 1870 முதலான பஞ்சங்களையும் மண்ணின் ஈரப்பதத்தையும் ஒப்பிட்டுக் கணித்தார்கள். ஆராய்ந்த பெரும் பஞ்சங்களில் 1943-ஆம் ஆண்டுப் பஞ்சம் மட்டும் மண் வறட்சியால் விளைந்ததல்ல என்பது அவர்கள் கண்ட முடிவு. மழை பொய்க்கவில்லை என்று அறிவியல் நமக்குத் தெளிவாகச் சொல்கிறது. அப்படியானால் ஜனங்கள் ஏன் மடிந்தார்கள் என்ற கேள்வியை அது அடுத்த பாடத்தின் கையில் ஒப்படைக்கிறது.

இரண்டாவது, பொருளியல். 1943-இல் ஒன்பது வயதுச் சிறுவனாக சாந்திநிகேதனில் இருந்த அமர்த்தியா சென், பட்டினியால் வாடி வந்தவர்களைக் கண்ணாரக் கண்டார். பின்னாளில் பொருளியல் அறிஞராகி, 1981-இல் வெளியிட்ட நூலில் அந்த ஆண்டின் கணக்கை மறுபடியும் போட்டுப் பார்த்தார். 1943-இல் வங்காளத்தில் கிடைத்த உணவுதானியம், முந்தைய ஐந்தாண்டுச் சராசரியைவிடச் சுமார் ஐந்து சதவீதமே குறைவு. பஞ்சமே இல்லாத 1941-ஆம் ஆண்டைவிட அதிகம்! தானியம் ஓரளவு இருந்தும், அதை வாங்கும் சக்தி ஏழைகளின் கையைவிட்டு நழுவியது.

அது நழுவிய விதத்தைக் கவனியுங்கள். 1942 மார்ச்சில் இரங்கூன் ஜப்பானியர் வசமாயிற்று. பர்மா அரிசியின் வரத்து நின்றது. எதிரி வங்காளத்திற்குள் புகுந்தால் அவன் கைக்கு எதுவும் கிட்டலாகாது என்று, கடலோர மாவட்டங்களில் மிகுதியென்று கருதிய அரிசியை அரசாங்கம் அகற்றியது. பத்துப் பேருக்கு மேல் ஏறக்கூடிய படகுகளையும் பறித்தது அல்லது அழித்தது. படகே சாலையாக இருந்த நாட்டில் மீனவன் பிழைப்பை இழந்தான். மற்ற மாகாணங்கள் தங்கள் தானியம் வெளியே போகாதபடி தடை விதித்தன. போர்ச் செலவினால் கல்கத்தாவில் பணம் பெருகியது, வணிகர் பதுக்கினர். 1942 டிசம்பரில் மணங்கு ஒன்றுக்குப் பதின்மூன்று, பதினான்கு ரூபாயாக இருந்த அரிசி விலை, 1943 மே மாதத்தில் முப்பதைத் தாண்டி, ஆகஸ்டில் முப்பத்தேழுக்கு ஏறியது. மணங்கு என்பது சுமார் 37 கிலோ. கூலிக்காரனுடைய கூலி அந்த வேகத்தில் ஏறவில்லை. அரிசி விலை ஏறினால் மக்கள் முதலில் விட்டுவிடுவது மீனும் பாலும் முடிவெட்டும் செலவும்தானே? ஆகவே மீன்பிடிப்பவரும் முடிதிருத்துவோரும் கைவினைஞரும் கூலியாட்களோடு சேர்ந்து விழுந்தார்கள்.

இதை நான் விளக்கிக்கொண்டிருக்கையில், அதுவரை கைக்கட்டிக்கொண்டிருந்த அந்தத் தகப்பனார் இடைமறித்தார். "பாஸ்டர், இதைப் புத்தகம் போட்டுத்தான் சொல்ல வேண்டுமா? நான் இங்கே வந்த புதிதில் ரேஷன் அட்டை ஊரில் இருந்தது, வயிறு இங்கே இருந்தது. கடையில் அரிசி மூட்டை மூட்டையாய் இருக்கும். என் பேர் அந்தக் கடையில் இருக்காது. வெளிக்கடையில் இரட்டை விலை கொடுத்து வாங்கினேன்" என்றார். பெண்பிள்ளை எழுதுவதை நிறுத்திவிட்டுத் தகப்பனை நிமிர்ந்து பார்த்தாள். பதினாறு வயதுவரை அவள் அதைக் கேட்டதில்லையாம்.

அவர் சொன்ன அந்த இடைவெளியை அடைக்கவே, எங்கிருந்தாலும் ரேஷன் பெறலாம் என்னும் 'ஒரே நாடு, ஒரே ரேஷன் அட்டை' திட்டம் 2019-இல் சில மாநிலங்களில் தொடங்கி, 2022-இல் நாடு முழுவதையும் எட்டியது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வரும் அட்டைதாரர்களுக்கு அது உரியது. உணவு இருப்பது வேறு, அதன்மேல் உரிமை இருப்பது வேறு என்னும் பொருளியல் உண்மைதான் அதன் அடியில் இருக்கிறது. 2020-ஆம் ஆண்டு ஊரடங்கில் நம் தெருக்களில் நடந்ததை நினைத்துப் பார்க்கிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

மூன்றாவது, சமூகவியலும் சரித்திரமும் கேட்கும் கேள்வி: மாண்டவர்கள் யார்? கல்கத்தா நகரத்தின் ஆலைத் தொழிலாளருக்கும் அலுவலருக்கும் குறைந்த விலையில் தானியம் கிடைக்க ஏற்பாடு இருந்தது. அந்நகரின் நடைபாதைகளில் விழுந்து மடிந்தோர் பெரும்பாலும் கிராமங்களிலிருந்து நடந்தே வந்த நிலமற்றவர்கள். அரிசி கேட்க அவர்களுக்குத் துணிவில்லை. வீட்டு வாசல்களில் நின்று வடிகஞ்சியைக் கேட்டார்கள். வங்க மொழியில் அதற்கு 'ஃபேன்' என்று பெயர். இதற்கிடையில் அரசாங்கமோ, பஞ்சச் சட்டத்தின்படி பஞ்சம் என்று அறிவிக்கவேயில்லை. 1943 ஆகஸ்ட் 22-ஆம் நாள் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழின் ஆசிரியர் இயான் ஸ்டீபன்ஸ் தெருவில் கிடந்தவர்களின் புகைப்படங்களை வெளியிட்டபின்னரே உலகம் திரும்பிப் பார்த்தது. அக்டோபரில் புதிய வைசிராயாகப் பதவியேற்ற வேவல் கல்கத்தாவுக்குச் சென்று பார்த்து, நிவாரணத்திற்கு இராணுவத்தை இறக்கினார். விலை இறங்கத் தொடங்கிய பின்னும் மரணம் நிற்கவில்லை. மலேரியாவும் காலராவும் அம்மையும் மெலிந்த உடல்களை அடுத்த ஆண்டும் வாரிக்கொண்டு போயின. நிலத்தை விற்றோ அடகு வைத்தோ இழந்த குடும்பங்கள் லட்சக்கணக்கில் இருந்ததாக மகலனோபிசின் புள்ளியியல் நிறுவனம் நடத்திய ஆய்வு காட்டியது.

கடைசியாக, அந்தப் பிள்ளை விரும்பிய இலக்கியம். பிஜன் பட்டாச்சார்யா எழுதிய 'நவான்னா' என்னும் நாடகம் 1944-இல் மேடையேறியது. புத்தரிசி விழா என்பது அதன் பொருள். ஊரைவிட்டு நகரத்துத் தெருவுக்கு வந்துசேர்ந்த ஓர் உழவர் குடும்பத்தை அது காட்டியது. விபூதிபூஷண் பந்தோபாத்தியாய எழுதிய 'அசனி சங்கேத்' என்னும் நாவலை சத்யஜித் ராய் 1973-இல் திரைப்படமாக்கினார். பெர்லின் விழாவில் அதற்குத் தங்கக் கரடி விருது கிடைத்தது. போர் எங்கே நடக்கிறது என்பதையே சரிவர அறியாத ஒரு சிற்றூரில், வயலெல்லாம் பசுமையாய் இருக்கையிலேயே, பசி எப்படி வீடு வீடாக ஏறிவருகிறது என்பதே அதன் கதை. அந்த ஊரில் பட்டினியால் மடியும் முதல் ஆள், தீண்டத்தகாதவள் என்று ஒதுக்கப்பட்ட ஒரு பெண். அவளுடைய சடலத்தைத் தொடுவது யார் என்ற கேள்வி அங்கே எழுகிறது. முப்பது லட்சம் என்ற எண்ணை மனம் ஏந்திக்கொள்ள இயலாது. ஒரு பெண்ணின் பெயரும், அவளைத் தொடத் தயங்கும் கைகளும் நம் முன் வரும்போது அந்த எண்ணிக்கைக்கு முகம் உண்டாகிறது.

பெற்றோரே, இப்போது சொல்லுங்கள், இவற்றுள் சோறு போடும் படிப்பு எது? பூஞ்சணத்தை அறிந்தவன் இல்லாவிட்டால் பயிர் போகும். விலையின் போக்கை அறிந்தவன் இல்லாவிட்டால், பயிர் விளைந்தும் பானை காலியாகும். பஞ்சம் என்று பெயரிட்டுச் சொல்ல ஒரு பத்திரிகையாளன் இல்லாவிட்டால், ஆளுகிறவர்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள். இறந்தவர்களை நினைவில் வைக்க ஓர் எழுத்தாளன் இல்லாவிட்டால், அடுத்த தலைமுறை அதே வழியில் மறுபடியும் விழும்.

வேலைவாய்ப்பு என்பது உண்மையான கவலையே. கலைப் பிரிவில் சேரும் பிள்ளை, பட்டத்திற்குப்பின் என்ன செய்யப் போகிறாள் என்பதை இப்போதே விசாரித்து வைத்திருக்க வேண்டும். அரசுத் தேர்வுகள், ஆசிரியர் பயிற்சி, சட்டம், சமூகப்பணி, பத்திரிகை, புள்ளியியல் என்று வழிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் உழைப்பும் காலமும் செலவும் உண்டு. கணக்கில் நாட்டமில்லாத பிள்ளையை அறிவியலில் தள்ளி, இரண்டு ஆண்டும் டியூஷன் கட்டணமும் வீணான குடும்பங்களையும் நான் அறிவேன். இரண்டு கணக்கையும் போட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

அந்தத் தகப்பனார் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. "பொருளாதாரம் என்றால் சரி, கதைப்புத்தகம் மட்டும் என்றால் வேண்டாம்" என்றார். மகள் பொருளியலையும் சரித்திரத்தையும் சேர்த்து எடுப்பதாகச் சொன்னாள். இலக்கியத்தையும் விடமாட்டேன் என்றாள். கலைப் பிரிவுக்கான விண்ணப்பத்தில் அவர் கையெழுத்திட்டார், முகத்தில் கலக்கம் நீங்காமலே. அந்தக் கலக்கத்தை நான் குறைகூற மாட்டேன். பிள்ளை படித்து முடிக்கும் வரை அதைச் சுமந்து, மாதம் தவறாமல் கட்டணம் செலுத்தப் போகிறவர் அவரே.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், விண்ணப்பம் நிரப்பும் முன் ஒரு மாலைப்பொழுது அவனோடு அல்லது அவளோடு உட்காருங்கள். நீங்கள் ஊரைவிட்டுப் புறப்பட்ட நாளையும், இந்நகரத்தில் முதல் மாதம் எப்படி உண்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள். எந்தப் பாடநூலிலும் இல்லாத பொருளியல் அது. அதைக் கேட்டபின் பிள்ளை எந்தப் படிப்பைத் தேர்ந்தாலும், அது யாருடைய பசிக்காக என்பதை அறிந்து படிக்கும்.