அந்நிய பாஷையும் அளவுகோலும்

எழுப்புதல் கூட்டங்களில் அருகிலிருப்பவர் அந்நிய பாஷையில் பேசத் தொடங்கும்போது எனக்குள் ஒரு சங்கடம் எழும். அது ஏளனமன்று. "நீங்கள் இன்னும் அபிஷேகம் பெறவில்லையா?" என்று அடுத்து என்னிடம் வரப்போகும் கேள்வியைக் குறித்த கலக்கம்.

இவ்வனுபவம் தமிழ்க் கிறிஸ்தவத்துக்குப் புதிதன்று. 1906-இல் லாஸ் ஏஞ்சல்ஸின் அசூசா வீதியில் பெந்தெகொஸ்தே எழுச்சி தொடங்குவதற்கு 46 ஆண்டுகள் முன்பே, 1860-இல் திருநெல்வேலியில், ஜான் கிறிஸ்டியன் அருளப்பனைச் சூழ்ந்த எழுப்புதலில் இது நிகழ்ந்ததாகப் பதிவுகள் உள்ளன. மொழியியலாளர் வில்லியம் சமரின் 1972-இல் வெளியிட்ட ஆய்வு நூல், இப்பேச்சின் ஒலிகள் பெரும்பாலும் பேசுபவர் முன்பே அறிந்த மொழிகளின் ஒலிகளே என்றது. அதனால் அவர்களது கண்ணீர் பொய்யென்று நான் கொள்ளவில்லை. சொல்லாய்த் திரளாத துயரங்கள் எவருக்கும் உண்டு.

என்னை உறுத்துவது, அவ்வரம் விசுவாசத்தின் அளவுகோலாக்கப்படுவதே. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் பவுல், எல்லோருக்கும் ஒரே வரம் அருளப்படுவதில்லை என்கிறார். அர்த்தம் சொல்பவர் இல்லையெனில் சபையில் பேசாதிருக்கவும் பணிக்கிறார். தாய்மொழியில் தயங்கித் தயங்கி நான் செய்யும் ஜெபமும் ஆண்டவருக்குக் கேட்கும் என்றே நம்புகிறேன்.