ஒற்றைக் காலில் நிற்கிறேன்!

பிடிவாதக்காரர்களை "ஒற்றைக் காலில் நிற்கிறாள்" என்று சொல்வதுண்டு அல்லவா? நான் நிஜமாகவே தினமும் ஒற்றைக் காலில் நிற்கிறேன். காரணத்தைச் சொல்கிறேன், கேளுங்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், கோலம் போட்டுவிட்டு வாசற்படி ஏறும்போது வலது கால் மடங்கிச் சுளுக்கிக்கொண்டது. கணுக்கால் கொழுக்கட்டை மாதிரி வீங்கிவிட்டது. மாமியார் புளியும் உப்பும் கொதிக்க வைத்துச் சூடாகப் பற்றுப் போட்டார். சுளுக்கு எடுக்கிறவர் வந்து எண்ணெய் தடவி நீவினார். நான் போட்ட கூச்சல் தெருக்கோடி வரை கேட்டிருக்கும்! பத்து நாளில் வீக்கம் வற்றியது. "சரியாப் போச்சு" என்று சமையற்கட்டுக்குள் நுழைந்துவிட்டேன்.

ஆனால் அதே கால் அதற்குப் பிறகும் இரண்டு தடவை மடங்கியது. கடைசித் தடவை, இடுப்பில் என் எட்டு மாதக் குழந்தை! மாடிப்படி இறங்கும்போது தடுமாறி, எப்படியோ சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். குழந்தை ஏதோ விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தது. நான்தான் அழுதேன். அன்று இரவு தூக்கமே வரவில்லை.

மறுநாள் எலும்பு டாக்டரிடம் போனோம். எலும்பில் பழுதில்லை என்று பார்த்துவிட்டு, பிஸியோதெரபி செய்யும் அம்மாவிடம் அனுப்பினார். "அந்தக் கால்ல மட்டும் நில்லுங்கம்மா" என்றார் அவர். ஐந்து எண்ணுவதற்குள் ஆடிப்போனேன்!

அவர் விளக்கினார்: "கணுக்காலின் வெளிப்பக்கம் எலும்புகளைக் கட்டிப் பிடிச்சிருக்கிற நார்கள் தளர்ந்துபோச்சு. பாதம் எந்தப் பக்கம் சாயுதுன்னு மூளைக்குச் சேதி சொல்ற நரம்பு முனைகளும் அங்கேதான் இருக்கு. சேதி சரியாப் போகலைன்னா, தசைகள் இழுத்து நிறுத்தறதுக்குள்ளே கால் மடங்கிடும். வீக்கம் வத்தினா போதாது, காலைப் பழக்கணும்."

அவர் சொல்லித் தந்தவை இவை. நாற்காலியில் உட்கார்ந்து, கட்டைவிரலால் காற்றில் 'அ' முதல் 'ஔ' வரை எழுதுவது. ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி குதிகாலை உயர்த்தி, மெதுவாக இறக்குவது, 10 தடவை. கம்பியைப் பிடித்துக்கொண்டே ஒற்றைக் காலில் 30 விநாடி நிற்பது. பழகிய பிறகு பிடியை விட்டு நிற்பது. அதற்கும் பிறகு மடித்த ஜமக்காளத்தின் மேல் நிற்பது. அடுப்புப் பக்கத்திலோ ஈரத் தரையிலோ இதெல்லாம் கூடாது.

வெளியே போகும்போது போட்டுக்கொள்ளக் கணுக்கால் உறை ஒன்றும் வாங்கச் சொன்னார். கால் மடங்காமல் அது தாங்கிக்கொள்ளும். விரல் மரத்துப்போனாலோ நீலம் பாரித்தாலோ உடனே தளர்த்திவிட வேண்டும். "உறை துணைக்குத்தான், பலம் பயிற்சியில்தான்" என்றார்.

நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். சுளுக்கிய முதல் இரண்டு நாள் சூடும் வேண்டாம், நீவவும் வேண்டாம். துணியில் சுற்றிய ஐஸை 15 நிமிஷம் வைத்து எடுத்து, காலைத் தலையணை மேல் உயர்த்தி வைக்க வேண்டும். நாலு அடி எடுத்து வைக்க முடியாவிட்டாலோ, கணுக்கால் எலும்பை அழுத்தினால் வலித்தாலோ, எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதுதான் நல்லது.

முதலில் மாமியார், "இந்த வயசுல நாட்டியமா கத்துக்கறே?" என்று கேலி செய்தார். மூன்று மாதத்தில் நான் பிடிக்காமல் நின்றதைப் பார்த்ததும், ஒருநாள் சத்தமில்லாமல் பக்கத்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "வயசானவங்களுக்குத்தாம்மா விழற பயம் ஜாஸ்தி" என்றார்.

இப்போது சாயங்காலம் ஐந்து மணிக்கு எங்கள் கூடத்தில் இரண்டு கொக்குகள்! நடக்கப் பழகிவிட்ட சின்னது, என் புடவையைப் பிடித்துக்கொண்டு தானும் ஒரு காலைத் தூக்கிப் பார்க்கிறது. விழுந்தால் தூக்க நான் இருக்கிறேன், தடுமாறாமல்.